எடை மேடையும் ஆற்றல் அழிவின்மை விதியும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. ‘தி பிகஸ்ட் லூசர்’ என்பது அதன் பெயர். ‘லூசர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இழந்தவர் என்றும் பொருள் உண்டு. தோற்றவர் என்றும் பொருள் உண்டு. தம் உடல் எடையில் எவர் மிகுந்த விழுக்காட்டை இழக்கிறாரோ அவருக்கு 2.5 லட்சம் டாலர் பரிசு. என்.பி.சி. என்னும் பெரிய நிறுவனம் 2016 வரை பதினேழு தொடர்களாக இதனை ஒளிபரப்பியது. 2020இல் மற்றோர் அலைவரிசையில் மேலும் ஒரு தொடர் வந்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளும் தத்தம் மக்களைக் கொண்டு இதே நிகழ்ச்சியை நடத்தின.

இது வெறும் கேளிக்கைதானே, அறிவியல் இதழில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இந்நிகழ்ச்சி ஓர் அறிவியல் கருத்தைக் கோடிக்கணக்கான மக்களுக்குப் போதித்தது. மனிதன் பருமனாவதற்குக் காரணம் அவனுடைய மன உறுதிக் குறைவே. குறைவாக உண்டு மிகுதியாக உழைத்தால் எவரும் மெலியலாம். இயற்பியலின் விதியே இதற்குச் சான்று என்பதே அக்கருத்து. விதி இயற்பியலுக்கு உரியது. ஆகவே அது இங்கே சரியாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இயற்பியல் படித்தவர்களின் கடமையாகிறது.

நிகழ்ச்சி சொல்லும் கதை

மிகப் பருத்த உடல் கொண்ட ஆண்களும் பெண்களும் ஒரு பண்ணை இல்லத்திற்கு அழைத்து வரப்படுகிறார்கள். அவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பயிற்றுநர்களிடம் ஒப்படைக்கிறார்கள். நாள்தோறும் பல மணி நேரம் கடும் உடற்பயிற்சி. உணவோ மிகவும் குறைவு. பயிற்றுநர் காதருகே நின்று கத்துகிறார். பயிற்சி செய்பவர் வியர்வையும் கண்ணீருமாக ஓடுகிறார். இடையிடையே இனிப்புப் பண்டங்களை முன்னே குவித்து வைத்து அவர்களுடைய மனத்தைச் சோதிக்கும் கட்டமும் உண்டு. வார இறுதியில் பார்வையாளர் அனைவரும் காண ஒரு பெரிய எடை மேடையில் ஏறி நிற்க வேண்டும். எண்கள் ஏறி இறங்கிக் கடைசியில் நிற்கின்றன. எடை குறைந்திருந்தால் ஆரவாரம். குறையாவிட்டால் தலைகுனிவு, போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

கதை என்ற வகையில் இதற்கு ஈர்ப்பு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. பருத்த உடலினர் சோம்பேறிகள் என்று நினைத்திருந்த பலருக்கு, 150 கிலோ எடையோடு ஒருவர் எத்துணை உழைக்க முடியும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. அந்த அளவில் அது நன்மையே. ஆனால் எல்லாக் கதைகளையும் போல இதிலும் முக்கியமான கேள்வி, கதை எந்த இடத்தில் முடிக்கப்படுகிறது என்பதாகும். வண்ணக் காகிதத் துண்டுகள் மேலிருந்து பொழிய, மெலிந்த உடலோடு வெற்றியாளர் நிற்கும்போது படப்பிடிப்பு நின்றுவிடுகிறது. அறிவியல் கதையோ அங்கேதான் தொடங்குகிறது.

விதி சரியே, விடைதான் போதாது

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிவர். உணவின் மூலம் உடலுக்குள் செல்லும் ஆற்றல், உடல் செலவிடும் ஆற்றலைவிட மிகுந்தால் மீதம் கொழுப்பாகச் சேர்கிறது. குறைந்தால் சேர்ந்த கொழுப்பு கரைகிறது. இதில் ஐயமே இல்லை. உடற்கூட்டில் அமர்ந்து சாப்பிடும் எந்த மனிதனும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை மீற முடியாது.

ஆனால் ஒரு கணக்கு சரியாக இருப்பது வேறு. அது காரணத்தைக் கூறுவது வேறு. மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீர்மட்டம் 120 அடி. வினாடிக்கு இத்தனை கன அடி நீர்வரத்து, இத்தனை கன அடி வெளியேற்றம் என்று செய்தித்தாள்கள் வெளியிடுகின்றன. “இவ்வாண்டு அணை ஏன் நிரம்பியது?” என்று ஓர் உழவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “வரத்து வெளியேற்றத்தைவிட மிகுந்தது, அதனால் நிரம்பியது” என்று நாம் விடை சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். நாம் சொன்னதில் பிழையேதும் இல்லை. ஆயினும் அவர் கேட்டதற்கு அது விடையன்று. குடகு மலையில் பெய்த மழையையும், மேலே உள்ள அணைகளில் திறந்துவிட்ட நீரையும், கீழே பாசனத்துக்குத் தேவைப்பட்ட அளவையும் சொன்னால்தான் அது விடையாகும். “மிகுதியாக உண்டார், ஆகவே பருத்தார்” என்பதும் முதல் விடையைப் போன்றதே. ஏன் மிகுதியாக உண்டார், அதிலும் ஒரு நாடு முழுவதும் ஏன் ஒரே காலத்தில் மிகுதியாக உண்ணத் தொடங்கிற்று என்பதே நம் கேள்வி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அணையில் மதகைத் திறப்பதால் குடகில் மழை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வரத்தும் வெளியேற்றமும் ஒன்றையொன்று சாராதவை. உடலில் அப்படியில்லை. உணவைக் குறைத்தால் செலவும் குறைகிறது, பசியோ கூடுகிறது. மின்காந்தவியலில் லென்ஸ் விதியைப் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயத்தை மாற்ற முயன்றால், அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே தூண்டு மின்னோட்டம் எழுகிறது. உடலும் அவ்வாறே எடைக் குறைவை எதிர்க்கிறது. எதிர்ப்பின் வழிமுறை வேறு, போக்கு ஒன்றே.

மறைந்துபோகும் மனிதர்

எடைக் குறைப்பு நூல்களில் ஒரு சூத்திரம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு பவுண்டு எடையைக் குறைக்க 3500 கலோரி குறைக்க வேண்டும் என்பது அது. இங்கே கலோரி என்பது உணவியலார் கூறும் பெரிய கலோரி, அதாவது இயற்பியலின் கிலோ கலோரி. மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்னும் மருத்துவர் 1958இல் வெளியிட்ட கணக்கு இது. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 7700 கலோரி. நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஒரு பவுண்டு குறையும் என்று இதிலிருந்து கூறினார்கள்.

இதனைக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம். ஓராண்டில் குறையும் ஆற்றல் 500 × 365 = 1,82,500 கலோரி. இதனை 7700ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்விதமே தொடர்ந்தால், 60 × 7700 = 4,62,000 கலோரி; அதனை 500ஆல் வகுக்க 924 நாட்கள். அதாவது இரண்டரை ஆண்டுகளில் அவர் அடியோடு மறைந்துவிட வேண்டும்! அப்படி யாரும் மறைந்ததில்லை. ஆகவே சூத்திரத்தில் எங்கோ குறை இருக்கிறது. செலவு மாறாது என்று அது கொண்டதே அக்குறை. எடை குறையக் குறைய உடலை இயக்கவும் காக்கவும் தேவைப்படும் ஆற்றலும் குறைந்துகொண்டே வரும். கடைசியில் வரவும் செலவும் சமமாகி எடை ஓரிடத்தில் நின்றுவிடும்.

இதைச் சரியான சமன்பாடுகளாக எழுதியவர் கெவின் ஹால். இவர் இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் மனித வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தவர். 2011இல் இவரும் இவருடைய குழுவினரும் வெளியிட்ட கணக்கின்படி, நாள்தோறும் உண்பதில் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால், கடைசியில் ஒரு கிலோ எடை குறையும். அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும். ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். 500 கலோரி குறைப்பவருக்கு முதலாண்டில் ஏறத்தாழ 10 கிலோ மட்டுமே குறையும். பழைய சூத்திரத்தை நம்பி 24 கிலோவை எதிர்பார்த்தவர், “நான்தான் எங்கோ ஏமாற்றிவிட்டேன்” என்று தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வார். குற்றம் அவருடையதன்று, சூத்திரத்தினுடையது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பத்தாண்டுகளில் 10 கிலோ கூடிய ஒருவர், நாளொன்றுக்குச் சராசரியாகச் சேமித்த ஆற்றல் 77,000 ÷ 3650 = 21 கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் அளவு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது நூற்றில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தில் கலோரிமானியை வைத்துக்கொண்டு நூற்றில் ஒரு பங்கு பிழையோடு அளப்பதே எளிதன்று. சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து மனத்தாலேயே இவ்வளவு நுட்பமாக அளந்து உண்பவர் எவர்? எடை மாறாமல் பல்லாண்டு இருக்கும் மெலிந்தவர்களும் அப்படி அளப்பதில்லை. அவர்களுக்காக உடலே அளக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின்

படப்பிடிப்பு முடிந்தபின் என்ன நடந்தது என்பதையும் ஹாலின் குழுவினரே ஆராய்ந்தனர். 2009இல் ஒளிபரப்பான எட்டாம் தொடரில் கலந்துகொண்ட 16 பேரில் 14 பேர், ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கு வந்தனர். 2016இல் வெளியான அம்முடிவுகள் பலரையும் திகைக்க வைத்தன.

போட்டியின் தொடக்கத்தில் இவர்களின் சராசரி எடை 148.9 கிலோ. 30 வாரங்களில் அது 90.6 கிலோவாகக் குறைந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 131.6 கிலோ. இழந்த 58 கிலோவில் 41 கிலோ திரும்ப வந்துவிட்டது.

இதனினும் வியப்பானது ஓய்வுநிலை ஆற்றல் செலவு. நாம் அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும், உடல் வெப்பம் காக்கவும் ஆற்றல் செலவாகிறது. பெரும்பாலோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்டது இதுவே. போட்டியாளர்களுக்கு இது தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 2607 கலோரியாக இருந்தது. போட்டி முடிவில் 1996 கலோரி ஆயிற்று. எடை குறைந்ததால் செலவு குறைவது இயல்பே. ஆனால் எடை மீண்டும் கூடிய பிறகு செலவும் கூடியிருக்க வேண்டுமல்லவா? கூடவில்லை. ஆறாண்டுக்குப் பின் அது 1903 கலோரியாக இருந்தது. அதே உடற்கட்டும் அதே வயதும் உள்ள ஒருவருக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிட இவர்களுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவு. அதாவது, எடை மேடையிலிருந்து இறங்கிய பின்னரும் உடல் சிக்கனத்தைக் கைவிடவில்லை.

பசியும் சும்மா இருக்கவில்லை. கொழுப்புத் திசுக்கள் லெப்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழுவினர் இதனைக் கண்டுபிடித்தனர். உடலில் போதிய சேமிப்பு உள்ளது என்று மூளைக்குத் தெரிவிக்கும் தூதுவர் இது. போட்டி முடிவில் இவர்களின் இரத்தத்தில் லெப்டின், முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறாண்டுக்குப் பின்னரும் அது பழைய அளவை எட்டவில்லை. 90 கிலோ எடையுள்ள உடலிலிருந்து “பஞ்சம் வந்துவிட்டது” என்ற செய்தி இரவும் பகலும் மூளைக்குச் சென்றுகொண்டிருந்தது என்று சொல்லலாம்.

இது புதிய செய்தியன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். இவர்கள் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துத் தாமாக இச்சோதனைக்கு முன்வந்தவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லாதவர்கள். 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்து எடையில் கால் பங்கை இழந்தார்கள். அவர்களுடைய ஆற்றல் செலவு வெகுவாகக் குறைந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது. தடை நீங்கியதும் அளவுக்கு மீறி உண்டார்கள். ஆகவே தொலைக்காட்சி நிறுவனம் தன் போட்டியைத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்பாடம் அச்சில் வந்துவிட்டது.

நியாயமாக மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆறாண்டுக்குப் பின்னும் இவர்களின் சராசரி எடை தொடக்க எடையைவிட நூற்றுக்கு 12 பங்கு குறைவாகவே இருந்தது. அந்த 14 பேரில், உடலுழைப்பை மிகுதியாகத் தொடர்ந்தவர்களே எடையை ஓரளவு காத்துக்கொண்டார்கள் என்று 2017இல் வந்த மற்றோர் ஆய்வு கூறுகிறது. ஆகவே முயற்சி வீண் என்று கூறுவதும் தவறு. முயற்சிக்கு எதிரே நிற்கும் விசை எவ்வளவு பெரிது என்பதை நிகழ்ச்சி மறைத்ததே குற்றம்.

ஒரு நாடே பருத்தது எப்படி?

உயரத்தை மீட்டரில் அளந்து இருமடி எடுத்து, அதனால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறை எண். பெல்ஜிய நாட்டு அறிஞர் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. இது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பருமன் என்பர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 87 கிலோ எடை இருந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

1976-80இல் அமெரிக்கரில் வயது வந்தோரில் நூற்றுக்கு 15 பேர் இந்த எல்லையைக் கடந்திருந்தனர். 1988-94இல் அது 23 ஆயிற்று, 1999-2000இல் 30.5, 2017-18இல் 42.4. 2021-23இல் எடுத்த அளவீட்டில் 40.3. ஆண், பெண், இளைஞர், முதியவர், வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிரிவினரிடமும் இவ்வேற்றம் காணப்பட்டது. மன உறுதிக் குறைவே காரணம் என்பவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் பல கோடி மக்கள், எல்லா வயதினரும், 1980ஐ ஒட்டி ஒரே நேரத்தில் மன உறுதியை இழந்தது எப்படி? அதே மக்கள் அதே காலத்தில் புகை பிடிக்கும் பழக்கத்தைப் பெருமளவு கைவிட்டார்களே, அந்த உறுதி எங்கிருந்து வந்தது?

மரபணு காரணமா? டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986இல் ஸ்டங்கார்டும் பிறரும் ஒரு முடிவை வெளியிட்டனர். அவர்களின் உடற்பருமன் பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. ஆகவே மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறிவிடா. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படும். ஒரு சூழலில் யார் பருப்பார் என்பதில் மரபின் கை ஓங்கியிருக்கிறது. எத்தனை பேர் பருப்பார் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது.

மாறிய சூழல் எது? கோக்கோ கோலாவின் பழைய கண்ணாடிப் புட்டி 6.5 அவுன்ஸ், அதாவது 200 மில்லி லிட்டருக்கும் குறைவு. 1980இல் ஓர் அமெரிக்கக் கடைத் தொடர் 32 அவுன்ஸ் கோப்பையை நாடெங்கும் கொண்டுவந்தது. ஏறத்தாழ ஒரு லிட்டர். சில ஆண்டுகளில் 64 அவுன்ஸ் கோப்பையும் வந்தது. உணவு மலிந்தது, எங்கும் எந்நேரமும் கிடைத்தது, சமையலறையிலிருந்து தொழிற்சாலைக்கு இடம் மாறியது.

தொழிற்சாலையில் மிகப் பதப்படுத்திய உணவைப் பற்றி ஹால் 2019இல் வெளியிட்ட சோதனை குறிப்பிடத்தக்கது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. முன்னே வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம், வேண்டாததை ஒதுக்கலாம். மிகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் இவர்கள் ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரங்களில் 0.9 கிலோ கூடினர். மற்ற இரு வாரங்களில் 0.9 கிலோ குறைந்தனர். ஆட்கள் அவர்களே, மன உறுதியும் அதுவே. மாறியது தட்டில் இருந்தது மட்டும். இருபது பேரைக் கொண்டு சில வாரம் நடந்த சோதனைதான் என்பதை மறக்கலாகாது. ஆயினும், வரவைத் தீர்மானிப்பது உண்பவரின் குணம் மட்டுமே என்ற வாதத்தை இது அசைத்துவிடுகிறது.

வெட்கம் மருந்தாகுமா?

நிகழ்ச்சி பார்ப்பவர் மனத்தில் என்ன விளைவை உண்டாக்கிற்று? 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் சிலருக்கு இந்நிகழ்ச்சியின் ஒரு பகுதியையும், வேறு சிலருக்கு இயற்கைக் காட்சிப் படத்தையும் காட்டினர். நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்குப் பருத்தவர்கள்மீது வெறுப்புக் கூடியது. எடையைத் தம் விருப்பப்படி கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையும் வலுத்தது. நாற்பது நிமிடக் காட்சியே இதைச் செய்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 2007 முதல் 2016 வரை இனம், நிறம் பற்றிய மறைமுக வெறுப்பு அமெரிக்கரிடம் குறைந்து வந்தது. உடல் எடையைப் பற்றிய மறைமுக வெறுப்பு மட்டும் கூடியது.

வெட்கப்படுத்தினால் திருந்துவார்கள் என்போரும் உண்டு. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரை 2006 முதல் 2010 வரை பின்தொடர்ந்த ஆய்வொன்று இதற்கு மாறான விளைவைக் கண்டது. தொடக்கத்தில் பருமனாக இல்லாதவர்களுள், எடையைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறியவர்கள் நான்காண்டில் உடற்பருமன் நிலையை அடையும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு. இத்தகைய ஆய்வு காரணத்தை உறுதியாக நிலைநாட்டாது. ஆனால் வெட்கம் மருந்தாயிற்று என்பதற்கு இதில் சான்று ஏதுமில்லை.

சமுதாயம் செய்யக்கூடியது

சூழல் காரணமானால் சூழலை மாற்றுவதே வழி. அதனைச் செய்ய முயன்ற அரசுகள் உள்ளன. மெக்சிகோ 2014இல் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதலாண்டில் அப்பானங்களின் விற்பனை சராசரியாக நூற்றுக்கு 6 பங்கு குறைந்தது. சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின்மேல் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 2018இல் வந்த வரி, பானத்தில் உள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்து அமைந்தது. வரி வருமுன்பே நிறுவனங்கள் பல சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. குடிப்பவரின் மன உறுதியை நம்பாமல் புட்டிக்குள் இருப்பதை மாற்றிய வழி இது. எல்லா முயற்சியும் வென்றதில்லை. 16 அவுன்சுக்கு மேற்பட்ட கோப்பைகளைத் தடுக்க நியூயார்க் நகரம் 2012இல் கொண்டுவந்த விதியை நீதிமன்றம் 2014இல் இறுதியாகத் தள்ளுபடி செய்தது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2016இல் பீட்சா, பர்கர் முதலியவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தது; மறு ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அது மறைந்தது. இவ்வரிகளால் விற்பனை குறைந்தது அளவிடப்பட்டுள்ளது. நாட்டின் எடை குறைந்தது என்று இன்னும் எவரும் காட்டிவிடவில்லை. ஒரு காரணத்தால் வந்ததன்று இந்நோய். ஒரு வரியால் போவதுமன்று.

இதற்கிடையே மருந்து வந்துவிட்டது. செமாகுளூட்டைடு என்னும் ஊசி மருந்தை எடைக் குறைப்புக்காக அமெரிக்க அரசு 2021இல் ஏற்றது. 68 வாரச் சோதனையில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக எடையில் 15 விழுக்காடு இழந்தனர்; வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 விழுக்காடு. மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரு பங்கு திரும்பியது. இதன் விலை, பக்க விளைவு, யாருக்குப் பொருந்தும் என்பவை மருத்துவர் ஆராய வேண்டியவை. நம் வாதத்துக்கு வேண்டியது ஒன்றே. மூளையின் பசி உணர்வை ஓர் இரசாயனப் பொருள் தணித்தவுடன் மக்கள் குறைவாக உண்கிறார்கள். நிறுத்தியவுடன் மிகுதியாக உண்கிறார்கள். ஊசியில் ஒழுக்கமோ உறுதியோ கலந்திருக்கவில்லை.

நமக்கு என்ன?

அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் உடல் நிறை எண் 25ஐத் தொட்ட அல்லது கடந்த பெண்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21இல் 40.4 பேர். ஆண்கள் 28.2இலிருந்து 37 ஆகியுள்ளனர். அதே ஆய்வில் இந்தியா முழுவதற்கும் பெண்கள் 24, ஆண்கள் 22.9. நான்கைந்து ஆண்டுகளில் தமிழ்ப் பெண்களில் பத்தில் ஒருவர் மன உறுதியை இழந்துவிட்டார் என்று எவரும் சொல்லத் துணியார். ஆனால் தெருக்கோடிப் பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலச் சரங்களையும், நடந்து போக இடமில்லாத சாலைகளையும் அதே கடுமையோடு கேள்வி கேட்கிறோமா? வகுப்பில் பருத்த மாணவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் எளிதாக ஊன்றிவிட்டது.

உடற்பயிற்சியும் அளவான உணவும் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நல்லவை. எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் நல்லவை. அவற்றை விட வேண்டாம். அவற்றைச் செய்தும் மெலியாதவரைப் பழிப்பதையே விட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘30 நாளில் 15 கிலோ’ என்ற விளம்பரத்தையோ, முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களையோ காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரில் இவர் ஒருவர்? எவருடன் ஒப்பிட்டார்கள்? ஐந்தாண்டு கழித்து இவர் எடை என்ன? முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்பவர்கள் சிலர் கிடைப்பார்கள். மூன்றாவதற்கு விடை தேடிச் சென்றவர்களால்தான், எடை மேடையின் விளக்குகள் அணைந்த பின் நடந்தது நமக்குத் தெரிய வந்தது.